தீ விபத்துக் களத்தில் யாருக்கு முதலில் உதவி?

பலர் காயமுற்ற தீ விபத்தில், மீட்க வந்த தீயணைப்பு வீரர் வலியால் அலறும் உங்கள் உறவினரைக் கடந்து, அசைவற்றுக் கிடக்கும் வேறொருவரிடம் செல்வதை நீங்கள் காண நேரலாம். அவர் புறக்கணித்துவிட்டதாக எண்ண வேண்டாம். அலறுபவருக்கு மூச்சுப்பாதை திறந்திருக்கிறது. அமைதியாகக் கிடப்பவருக்கு அது அடைபட்டிருக்கக்கூடும்.

தீயணைப்புப் பணியில் உயிர் முதலாவது, தீ பரவாமல் தடுப்பது அடுத்தது, உடைமை கடைசி. உள்ளே ஆள் இருக்கும்போது தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருக்கிறார்களே என்று உறவினர்கள் பதறுவதுண்டு. சில வேளைகளில் தீயை அடக்குவதே உள்ளிருப்பவரைக் காக்கும் விரைவான வழியாகும்.

காயமுற்றோரை வரிசைப்படுத்தப் பல நாடுகளில் பயன்படும் 'ஸ்டார்ட்' முறையை, கலிபோர்னியாவின் நியூபோர்ட் பீச் தீயணைப்புத் துறையும் ஹோக் மருத்துவமனையும் 1983இல் உருவாக்கின. நடக்க முடிந்தவர்கள் ஓரிடத்திற்கு அனுப்பப்படுவர். அவர்களுக்குப் பச்சை அட்டை. மற்றவர்களை ஆளுக்கு ஒரு நிமிடத்திற்குள் சோதிப்பர். மூச்சு நிமிடத்திற்கு 30ஐத் தாண்டினாலோ, மணிக்கட்டில் நாடி கிடைக்காவிட்டாலோ, 'கையை மூடித் திறங்கள்' போன்ற எளிய சொல்லுக்கு இணங்க இயலாவிட்டாலோ சிவப்பு. இவை சரியாக இருந்தும் நடக்க இயலாதவருக்கு மஞ்சள். இச்சோதனையின்போது மூச்சுப்பாதையைத் திறப்பதும் பெரும் இரத்தப்போக்கை நிறுத்துவதும் தவிர வேறு சிகிச்சை தரப்படுவதில்லை.

மூச்சுப்பாதையைத் திறந்தும் மூச்சு வராதவருக்குக் கறுப்பு. குடும்பத்தினருக்கு இது தாங்கவொண்ணாதது. பாதிக்கப்பட்டவர் அவர் ஒருவரே எனில் மார்பு அழுத்தம் தந்து முயன்றிருப்பர். இருபது பேருக்கு இருவர் என்ற நிலையில் அவ்வாறு முயன்றால், பிழைக்கக்கூடிய வேறு சிலரை இழக்க நேரிடும்.

அட்டையின் நிறம் இறுதியானதன்று. நிலை மாறினால் நிறமும் மாற்றப்படும். தீ விபத்தில் இதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு. தாமே நடந்து வெளியே வந்தவர், புகையும் வெப்பக் காற்றும் உட்சென்றதால் தொண்டை வீங்கி, சில மணி நேரத்தில் மூச்சுத்திணறலுக்கு உள்ளாகலாம். குரல் கரகரத்தல், மூக்கிலோ சளியிலோ கரி, மூக்கு முடி கருகியிருத்தல் ஆகியவை இதன் அறிகுறிகள். தலைவலி, வாந்தி, மயக்கம் ஆகியவை புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு நச்சைக் குறிக்கலாம். பச்சை அட்டை பெற்றவரிடம் இவற்றில் ஒன்றைக் கண்டாலும் மீட்புப் பணியாளரிடம் உடனே சொல்லுங்கள். அவரை வீட்டிற்கு அழைத்துச் செல்லாதீர்கள். வந்த பின்னர் கவனித்தீர்கள் எனில், காலை வரை காத்திராமல் 108ஐ அழையுங்கள்.