விலை சொன்னவரைச் சட்டம் தேடிய கதை

ஹமாம் சோப்பு ஒரு காலத்தில் டாடாவுடையது. டாம்கோ என்ற டாடா ஆயில் மில்ஸ் அதைத் தயாரித்தது. 1993இல் அந்தக் கம்பெனியை இந்துஸ்தான் லீவரோடு இணைக்க முடிவானது. டாம்கோவின் 15 பங்குகளுக்கு லீவரின் 2 பங்குகள் என்று பேச்சு. லீவரின் ஊழியர் சங்கம் உச்ச நீதிமன்றம் வரை போனது. வழக்கில் எழுந்த பல கேள்விகளில் ஒன்று, இந்தப் பதினைந்துக்கு இரண்டு எப்படி வந்தது என்பது.

1994 அக்டோபரில் தீர்ப்பு. விவரம் தெரிந்த கணக்காளர் ஏற்கப்பட்ட முறைகளில் போட்ட கணக்கு இது. பங்குதாரர்களில் மிகப் பெரும்பான்மையினர் ஒப்புக்கொண்டும் விட்டார்கள். இதற்குமேல் நீதிமன்றம் உட்கார்ந்து கணக்குப் போடாது என்றார்கள் நீதிபதிகள். 1996இல் மபத்லால் கம்பெனி இணைப்பு வழக்கிலும் ஏறக்குறைய இதே நிலைதான். நீதிபதி கணக்குப் பிள்ளை அல்ல. தீர்ப்பில் நியாயம் உண்டு. ஆனால் நீதிமன்றம் கை வைக்காது என்றால், மதிப்பறிக்கையில் கையெழுத்துப் போட்டவரின் பொறுப்பு என்ன? அன்று கம்பெனிச் சட்டத்தில் அவருக்கென்று ஓர் இடமே கிடையாது.

சட்டம் அங்கீகரித்த மதிப்பீட்டாளர் அதற்கு முன்பும் இருந்தார்; ஆனால் வரிக்காக. 1957இன் செல்வ வரிச் சட்டத்தில் 1972இல் ஒரு திருத்தம் வந்து, பதிவு பெற்ற மதிப்பீட்டாளர்கள் உருவானார்கள். அதே ஆண்டு மகாதேவ் ஜலான் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஓர் அடிப்படையைச் சொன்னது: ஓடுகிற தொழிலின் பங்குக்கு அது ஈட்டும் லாபத்தை வைத்து விலை போடு, மூடப்போகும் கம்பெனிக்குத்தான் சொத்தைப் பிரித்து விலை போடுவது.

கம்பெனிகள் புதுப் பங்கு வெளியிடும் விலையை 1992 வரை டெல்லியில் ஓர் அரசு அதிகாரி கட்டுப்படுத்தினார். அந்த அலுவலகம் போன பிறகு விலை சந்தைக்கு வந்தது. விலை சொல்கிறவரைக் கேள்வி கேட்க யாரும் வரவில்லை. சார்பற்ற, பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் வேண்டும் என்று 2005இல் கம்பெனிச் சட்டத்தை ஆராய்ந்த இரானி குழு எழுதியது. அது 2013 கம்பெனிச் சட்டத்தில் 247ஆம் பிரிவாயிற்று. பிறகும் நான்கு ஆண்டுகளுக்கு மேல் தூக்கம். இடையில் 2016இல் திவால் சட்டம் வந்தது. நொடித்துப்போன கம்பெனிகளுக்கு விலை சொல்ல ஆள் தேவைப்பட்டது. 18 அக்டோபர் 2017 அன்று பிரிவும் விதிகளும் ஒன்றாக நடைமுறைக்கு வந்தன.

அந்தப் பிரிவில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒரு தடை. தனக்கு நேராகவோ சுற்றி வளைத்தோ அக்கறை உள்ள சொத்தை மதிப்பிடக் கூடாது. நியமனத்துக்கு முன் மூன்றாண்டு, மதிப்பிட்ட பின் மூன்றாண்டு அந்த அக்கறை இருக்கக் கூடாது. ஏமாற்றும் நோக்கம் இருந்தால் ஓராண்டு வரை சிறையும் உண்டு; வாங்கிய கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும், நஷ்டத்துக்கும் ஈடு கட்ட வேண்டும். கையெழுத்துக்கு முதல்முறையாக எடை வந்தது அப்போதுதான்.

நிலமும் கட்டடமும், இயந்திரம், பங்கும் நிதிச் சொத்தும் என்று மூன்று வகை. ஒவ்வொன்றுக்கும் தனித் தேர்வு, தனிப் பதிவு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் உருக்காலை நின்றுபோனால், உலைக்கு ஒருவர், மனைக்கு ஒருவர் என்று போக வேண்டியிருக்கும். திவால் நடைமுறையில் இரண்டு மதிப்பீட்டாளர்களிடம் மதிப்பு கேட்பார்கள். இரண்டுக்கும் இடைவெளி பெரிதானால் மூன்றாவது ஒன்றை வாங்கி, மிக நெருங்கிய இரண்டின் சராசரியை எடுப்பார்கள். இதுவும் கடைசி வார்த்தை இல்லை. நொடித்துப்போன யுனைடெட் சீம்லெஸ் கம்பெனியின் வழக்கில் கலைப்பு மதிப்பு, அதாவது கம்பெனியைக் கலைத்து விற்றால் கிடைக்கும் என்று மதிப்பிட்ட தொகை, 597.54 கோடி ரூபாய். 477 கோடி தர முன்வந்த மகாராஷ்டிரா சீம்லெஸின் திட்டத்தை 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. மதிப்பீடு கடன் கொடுத்தவர்கள் முடிவெடுக்க உதவும் கருவி. அதற்குக் கீழே போகவே கூடாது என்று சட்டம் சொல்லவில்லை என்பது காரணம்.

கும்மிடிப்பூண்டி இருக்கும் அதே மாவட்டத்தில் பொதட்டூர்பேட்டை விசைத்தறிக் கூடம் ஒன்றை நினைத்துப் பாருங்கள். அண்ணன் தம்பி கூட்டு, தம்பி பிரிகிறார். தறியைப் பழைய இரும்புக்கு எடை போட்டால் ஒரு விலை. தறி போட இடம் பார்த்து வைத்திருப்பவர் சொல்வது அதைவிடக் கூட. பாவு ஏறி ஓடுகிற தறி, தவறாமல் சரக்கெடுக்கும் வியாபாரி, கடனுக்கு நூல் தரும் கடை எல்லாம் சேர்ந்தால் மூன்றாவது விலை. ஜலான் தீர்ப்பின் வழி யோசித்தால், மூன்றாவதுதான் நியாயம். ஆனால் 247ஆம் பிரிவு இங்கே எட்டாது. அது கம்பெனிச் சட்டத்தின் தேவைகளுக்கு மட்டும். இவர்களுக்கு 1932ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டம். கணக்குத் தீர்க்காமல் அண்ணன் தறியை ஓட்டிக்கொண்டே இருந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, தம்பி தன் பங்குக்கு உரிய லாபத்தைக் கேட்கலாம், அல்லது ஆண்டுக்கு 6 சதவீத வட்டி கேட்கலாம். பங்கின் விலையை யார் சொல்வது என்பதைக் கூட்டுப் பத்திரத்தில்தான் எழுதி வைக்க வேண்டும்: எந்தத் தேதிக்கு, எந்த முறையில், யார்.

மதிப்பீட்டுத் தொழில் முழுவதையும் ஒரே சட்டத்தின் கீழ் கொண்டுவரும் மசோதா வரைவு ஒன்றை எம்.எஸ். சாஹூ தலைமையிலான குழு 2020இல் கொடுத்தது. அது சட்டமாகும்வரை அந்த மூன்று வரிகளைப் பத்திரத்தில் சேர்க்காமல் யாரும் கூட்டுத் தொழில் தொடங்க வேண்டாம்.