கள்ளத் தீர்க்கதரிசி: பொய்யா, களவா?

'தீர்க்கதரிசி' என்ற சொல்லுக்குப் போடிநாயக்கனூர் வட்டாரத்துக் கன்வென்ஷன் மேடைகளில் ஒரு பொருள் சொல்கிறார்கள். உங்கள் பிரச்சினையைத் தீர்க்கத் தரிசனம் பெற்றவர், ஆகவே தீர்க்கதரிசி. கடன் தீர்க்க, வியாதி தீர்க்க, கோர்ட்டு வழக்குத் தீர்க்க என்று எடுத்துக்காட்டுகளும் கூடவே வரும். கேட்பவர்கள் அல்லேலூயா சொல்கிறார்கள். எனக்கோ எரிச்சல் வருகிறது.

இந்தத் 'தீர்க்க', 'தீர்' என்னும் வினையின் எச்சமே அன்று. தீர்க்கம் வடசொல், நீளம், நெடுமை என்று பொருள். தீர்க்காயுசு நீண்ட ஆயுள். 'தீர்க்க சுமங்கலியாய் இரு' என்று வாழ்த்தும் பாட்டி, ஊர் வழக்கைத் தீர்த்துவைக்கும் சுமங்கலியை வாழ்த்தவில்லை. இன்றைய வேலையை நாளைக்கு இழுத்தடிக்கிற சோம்பேறிக்குத் தீர்க்கசூத்திரன் என்று பெயர்; மேடைக்காரர் கணக்குப்படி அவனும் எதையோ தீர்த்தாக வேண்டும். தீர்க்கதரிசி நெடுந்தொலைவு காண்பவன், அவ்வளவுதான்.

ஓசை ஒத்தால் உறவு கொண்டாடும் இந்தப் பழக்கம் போடியில் புதிதில்லை. ஏலக்காயை ஏலம் விடுவதால்தான் ஏலத்துக்கு ஏலம் என்று பெயர் வந்தது என்று சொல்லும் வியாபாரிகள் இங்கே உண்டு. நறுமணப் பொருள் வாரியம் புற்றடியிலும் போடியிலும் மின்னணு ஏலம் நடத்துகிறது. இரண்டு ஏலமும் ஒரே கூடத்தில் சந்திப்பதால் வந்த மயக்கம் இது. காயின் பெயரான ஏலம் வடமொழியின் 'ஏலா'வோடு சேர்ந்தது. விலை கூவும் ஏலமோ 'லெய்லாவ்' என்ற போர்த்துகீசியச் சொல், கப்பலில் வந்தது. செடிக்கும் கூவலுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

மேடைக்காரரை விட்டுவிடலாம். படித்தவர் செய்யும் பிழைதான் பெரிது. 'கள்ளத்தீர்க்கதரிசி' என்ற தொடரில் உள்ள 'கள்ள' என்பதற்குப் 'பொய்' என்றே பொருள், அது மலையாளச் சாயல், பழைய மொழிபெயர்ப்பாளர் தடுமாறிவிட்டார்கள், 'பொய்த்தீர்க்கதரிசி' என்பதே சரி என்று தமிழாசிரியர் ஒருவர் வாதிட்டுவருகிறார். மலையாளத்தைப் பொறுத்தமட்டில் அவர் சொல்வதில் பாதி உண்மை. போடியிலிருந்து விடியுமுன் ஜீப்பில் ஏறிப் பதினேழு கொண்டை ஊசி வளைவு தாண்டிப் பூப்பாறைக்கும் சாந்தம்பாறைக்கும் காய் எடுக்கப் போகிற எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்வாள்: மேலே 'கள்ளம் பறயருது' என்றால் பொய் சொல்லாதே என்று அர்த்தம். மலையாள வேதாகமத்திலும் 'கள்ளப்பிரவாசகன்' என்றுதான் இருக்கிறது. ஆனால் திருடனுக்கும் மலையாளத்தில் கள்ளன் என்றே பெயர். போடிமெட்டுக்கு மேலே கிளைத்த பொருளை எடுத்து அடிவாரத்து வேருக்குச் சூட்டுவது ஆராய்ச்சி ஆகாது.

வேர் 'கள்'. மறைத்தல், மறைவாய்க் கொள்ளுதல். தொல்காப்பியர் களவு என்றும் கற்பு என்றும் இரண்டு இயல் வகுத்தபோது, களவில் பொய் இருக்கிறது என்றா கருதினார்? ஊரறியாமல் நிகழ்வது களவு. குறுந்தொகையின் 25ஆம் பாட்டில் கபிலரின் தலைவி தன் காதலனைக் கள்வன் என்கிறாள். உடனே, அவன் பொய்த்துவிட்டால் என் செய்வேன் என்று கலங்குகிறாள். கள்வன் என்பது நடந்துவிட்டது, பொய் என்பது இனி நடக்கக்கூடியது. இரண்டும் ஒன்றானால் அந்தப் பாட்டே இல்லை. ஐங்குறுநூற்றில் ஓரம்போகியார் பாடிய 'கள்வன் பத்து' என்றொரு பகுதி இருக்கிறது. அங்கே கள்வன் நண்டு. வளைக்குள் ஒளிவதால் அந்தப் பெயர் என்பேன். நண்டு யாரிடமும் பொய் சொன்னதாகக் கேள்வியில்லை.

இன்னும் வலுவான சான்று சிலம்பில் இருக்கிறது. பாண்டியன் தன்னையே கள்வன் என்று சொல்லிக்கொண்டு விழுகிறான். அவன் எதையும் திருடவில்லை. கொல்லன் பேச்சைக் கேட்டு ஆராயாமல் தீர்ப்புச் சொன்னான், பொய் சொன்னவன் கொல்லன். ஆனாலும் தனக்குரிய பெயர் கள்வன் என்று அரசன் கண்டுகொள்கிறான். செங்கோலுக்குத் தகுதியிழந்த பிறகும் அந்த இருக்கையில் இருப்பவன் கள்வன். சித்திரை முழுநிலவன்று கூடலூர்ப் பக்கம் பளியன்குடி வழியாக மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு ஏறும் எங்கள் மாவட்டத்து மக்களுக்கு இதை விளக்க வேண்டிய தேவையில்லை.

வள்ளுவர் அதிகார வைப்பையும் பாருங்கள். 28 கூடாவொழுக்கம், 29 கள்ளாமை, 30 வாய்மை. போலித் துறவியைப் பற்றிப் பேசி முடித்ததும் களவுக்குப் போகிறார். அதன் பிறகே பொய்க்கு வருகிறார். தவக்கோலத்துக்கு அடுத்த வீடு களவு. கூடாவொழுக்கத்தில் அவர் காட்டும் உருவம் புலித்தோல் போர்த்து மேயும் பசு. மத்தேயு ஏழாம் அதிகாரத்தில் இயேசு காட்டுவது ஆட்டுத்தோல் போர்த்த ஓநாய். ஒன்று அச்சுறுத்தி மேய்கிறது, மற்றது இணங்கி வந்து கடிக்கிறது. தோல் இரண்டிலும் இரவல். வாய்மை அதிகாரத்தில் வள்ளுவர் நன்மை தரும் பொய்க்கு இடம் விடுகிறார். கள்ளாமையில் அப்படி எந்தச் சலுகையும் கிடையாது. கள்ளமும் பொய்யும் ஒன்று என்பவர் இந்த இரண்டு அதிகாரங்களையும் மறுபடி படிக்கட்டும். திருமூலர் ஆறாம் தந்திரத்தில் 'அவவேடம்' என்றே தலைப்பு வைத்தார். குருடும் குருடும் சேர்ந்து குழியில் விழும் அவருடைய உவமைக்கும் மத்தேயு பதினைந்தாம் அதிகாரத்துக்கும் உள்ள ஒற்றுமையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். யார் யாரிடம் கடன் வாங்கினார் என்ற சண்டை நமக்கு வேண்டாம்.

இனி வேதாகமத்துக்குள் நுழைவோம். எபிரேயத்தில் கள்ளத்தீர்க்கதரிசிக்குத் தனிச்சொல்லே கிடையாது. நல்லவனும் 'நபி', கெட்டவனும் 'நபி'. எரேமியா 28இல் பாபிலோன் நுகம் இரண்டே ஆண்டில் முறியும் என்று கூவுகிற அனனியாவை எபிரேய மூலம் தீர்க்கதரிசி என்றே அழைக்கிறது. அவனை 'ப்ஸெவ்தோப்ரொஃபீதிஸ்' என்று முத்திரை குத்தியவர்கள் கிரேக்கத்தில் பெயர்த்த எழுபதின்மர். எபிரேயம் செய்தது எனக்கு நேர்மையாகப் படுகிறது. நிகழும் வேளையில் அனனியாவின் நெற்றியில் எதுவும் எழுதியிருக்கவில்லை. ஊரார் கண்ணுக்கு இரண்டு தீர்க்கதரிசிகள் எதிரெதிரே நின்றார்கள்.

எப்படி அடையாளம் காண்பது? உபாகமம் இரண்டு சோதனை வைக்கிறது. 18ஆம் அதிகாரம்: சொன்னது நிறைவேறாவிட்டால் அது கடவுள் சொன்னதன்று. இது பொய்யைப் பிடிக்கும் சோதனை. 13ஆம் அதிகாரம் வேறு: அடையாளமும் அற்புதமும் சொன்னபடியே நடந்தாலும், அவன் உன்னை வேறு தெய்வங்களிடம் இழுத்தால் செவிகொடுக்காதே. இங்கே அவன் சொன்னது பலித்துவிட்டது. பலித்த பிறகும் அவன் குற்றவாளி. இவனைப் 'பொய்த்தீர்க்கதரிசி' என்று எப்படி அழைப்பார் அந்தத் தமிழாசிரியர்? கடவுளுக்குரியவர்களைக் கடவுளிடமிருந்து களவாடுகிறவன் இவன், கள்ளன். எரேமியா 23 இதை மறைக்காமல் சொல்கிறது: ஒருவரிடமிருந்து ஒருவர் என் சொல்லைத் திருடுகிறார்கள் என்று தீர்க்கதரிசிகள்மேல் கடவுளே களவுக் குற்றம் சாட்டுகிறார். மீகா மூன்றாம் அதிகாரம் இன்னும் வெளிப்படை. வாய்க்குத் தீனி கிடைத்தால் சமாதானம் என்பார்கள், கிடைக்காவிட்டால் போர் என்பார்கள். பணத்துக்குக் குறி சொல்வார்கள்.

ஆதித் திருச்சபை இந்தப் பணச் சோதனையை இறுகப் பிடித்துக்கொண்டது. 'திதகே' என்னும் பன்னிருவர் போதனை நூலின் பிரதியை 1873இல் கான்ஸ்டான்டினோபிளில் பிலோதேயோஸ் பிரியென்னியோஸ் கண்டெடுத்து 1883இல் அச்சிட்டார். வீட்டுக்கு வரும் ஊழியன் ஒரு நாள் தங்கலாம், தேவையானால் இரண்டு நாள். மூன்றாம் நாளும் தங்கினால் கள்ளத்தீர்க்கதரிசி. புறப்படும்போது ரொட்டிக்கு மேல் எதுவும் வாங்கக்கூடாது. பணம் கேட்டால் கள்ளத்தீர்க்கதரிசி. தசமபாகக் கவரோடு எண்ணெய்ப் புட்டியும் நீட்டுகிறவர்கள் இந்த நூலைப் பற்றி மேடையில் பேசிக் கேட்டதில்லை.

பொய்க்கும் கள்ளத்துக்கும் உள்ள வேற்றுமையைக் காட்ட நம் மலைக்கு அப்பாலேயே ஒரு மனிதர் இருக்கிறார். யுஸ்துஸ் யோசேப்பு, 'வித்வான்குட்டி' என்று அழைக்கப்பட்டவர். தமிழ்ப் பிராமணக் குடும்பத்திலிருந்து கிறித்தவராகி ஆங்கிலிக்கன் குருவானவர். 1875இல் திருவிதாங்கூரில் எழுந்த மறுமலர்ச்சியின்போது, ஆறு ஆண்டில் கிறிஸ்து திரும்பி வருவார் என்று அறிவித்தார். 1881 வந்தது, கிறிஸ்து வரவில்லை. அவரைப் பின்பற்றியோர் 'யுயோமயம்' என்ற தனிச் சபையானார்கள். அவர் இயற்றிய மலையாளப் பாடல்களை இன்றும் ஆலயங்களில் பாடுகிறார்கள். உபாகமம் 18இன்படி அவர் வாக்குப் பொய்த்தது. 'பொய்த்தது' என்ற வினையை இந்த அடிவாரத்தில் மழைக்குத்தான் அதிகம் சொல்கிறோம். தென்மேற்குப் பருவம் பொய்த்தால் கொட்டகுடி ஆறு வறளும், ஏலச்செடி வாடும். வானத்தைத் திருடன் என்று யாரும் திட்டுவதில்லை. வித்வான்குட்டியின் வாக்கு அந்த வகையில் பொய்த்த வாக்கு. அவரைக் கள்ளன் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

1995இல் வெளிவந்த திருவிவிலியம் 'கள்ளத்தீர்க்கதரிசி'யைப் 'போலி இறைவாக்கினர்' என்று மாற்றிவிட்டது. இறைவாக்கினர் நல்ல ஆக்கம். நெடுந்தொலைவு காண்பதைவிட இறைவனின் வாக்கைச் சொல்வதே மூலச்சொல்லுக்கு நெருக்கம். காண்பவன் என்னும் பொருளுக்குப் பழைய தமிழ் வேதாகமத் திருப்புதலே 1 சாமுவேல் 9இல் 'ஞானதிருஷ்டிக்காரன்' என்று தனிச்சொல் வைத்திருக்கிறது. ஆனால் 'போலி'? நன்னூல் படித்த எவருக்கும் போலி என்றதும் அறம்–அறன், முன்றில் இவைதான் நினைவுக்கு வரும். இலக்கணம் போலியைக் கடிந்ததில்லை, தழுவிக்கொண்டது. மேலும் போலி வேறு பொருள். பழசாகி வெளுத்த காய்க்குப் பச்சைச் சாயம் ஏற்றி விற்பவர்களை உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் பிடிக்கிறார்களே, அந்தக் காய் போலிக் காயா? செடியில் காய்த்த அசல் ஏலக்காய்தான். இல்லாத பசுமையை உரிமை கொண்டாடுவதுதான் குற்றம். கள்ளப்போதகனும் பெரும்பாலும் அசல் போதகனாகவே தொடங்குகிறான். வேதம் தெரியும், ஜெபிக்கத் தெரியும், சில வேளை நோயும் குணமாகிறது.

வீரமாமுனிவர் பரமார்த்த குருவைப் படைத்தபோது அவரை மூடனாக்கினார். அவருடைய சீடர்கள் பெயரே மட்டி, மடையன். சிரித்துவிட்டுப் போகலாம். தரங்கம்பாடி லுத்தரன்களை எதிர்த்து எழுதியபோது அந்தச் சிரிப்பு அவரிடம் இல்லை. வேதவிளக்கமும் பேதகமறுத்தலும் வழக்காடும் குரலில் எழுந்தவை. மூட குருவுக்கும் கள்ள குருவுக்கும் இடையே உள்ள தூரத்தை அவர் அறிந்திருந்தார்.

பழைய திருப்புதலை ஒருமுறை வரிசையாகப் படித்தால் விஷயம் தெளியும். பத்துக் கட்டளையில் 'பொய்ச்சாட்சி' என்று பொய்யை வைக்கிறது. சபைக்குள் புகுந்தவர்களுக்கெல்லாம் கள்ளச்சகோதரர், கள்ள அப்போஸ்தலர், கள்ளப்போதகர், கள்ளக்கிறிஸ்து என்று கள்ளத்தை வைக்கிறது. இரண்டு சொல்லும் கையிலிருக்கத் தெரிந்தே பிரித்திருக்கிறார்கள். யோவான் பத்தாம் அதிகாரத்தில் ஆட்டுத்தொழுவத்தின் வாசல்வழி வராமல் வேறு வழியாய் ஏறுகிறவனுக்கும் அங்கே கள்ளன் என்றே பெயர். மத்தேயுவில் ஆட்டுத்தோல், யோவானில் ஆட்டுத்தொழுவம். தொழுவத்துக் கள்ளனை மனத்தில் வைத்துக்கொண்டுதான் தோல் போர்த்தவனுக்குப் பெயரிட்டார்கள். இது என் துணிபு. தமிழாசிரியர் எழுதும் மறுப்பு எத்தனை பக்கம் வந்தாலும் இதை நான் மாற்றிக்கொள்வதாக இல்லை.