வாணிகத்தில் விடத்தக்கதும் விடத்தகாததும்

வாணிகர் செய்யும் உபசாரம் ஒவ்வொன்றற்கும் செலவுண்டு. அச்செலவு பண்டத்தின் விலைமேல் ஏறும். ஆதலின், கொள்வோர் மெய்யாக மதிப்பது யாதென ஆராய்ந்த பின்னரே ஒன்றைக் கொள்ளலும் தள்ளலும் தகும். இதற்குச் சான்றாக இங்கிலாந்து தேசத்து ராச்டேல் நகர்ச் சரித்திரத்தை யாம் எடுத்துக்காட்டுவாம்.

1844-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள் நெசவாளர் முதலிய தொழிலாளர் சிலர், 28 பவுன் மூலதனங் கொண்டு, டோட் லேன் என்னுந் தெருவில் மளிகைக்கடை யொன்று திறந்தனர். அக்காலத்தில் அந்நாட்டார் ரொட்டியிற் படிகாரங் கலத்தல் பெருவழக்கு. கடனுக்கு வாங்கும் ஏழையோ கலப்படத்தைக் கண்டும் வாய்திறக்க இயலாதவனாயிருந்தான்.

இத்தொழிலாளர் கடன் கொடுத்தலை அறவே விட்டனர். கடை அலங்காரத்தை விட்டனர். தொடக்கத்தில் வாரத்திற் சில மாலைகளில் மட்டுமே கடை திறந்தனர். ஆயின், கலப்பற்ற சரக்கையும் நிறை குறையாத தராசையும் விட்டாரில்லை. இலாபத்தையும் அவரவர் வாங்கிய அளவிற்கேற்ப உறுப்பினர்க்கே பகிர்ந்தனர். கையிற் காசில்லாதார்க்கு இவ்விதி கடுமையே. எனினும் 1850-இல் உறுப்பினர் தொகை ஏறக்குறைய 600 ஆயிற்று. இம்முறையைத் தழுவியே 1904-இல் சென்னைத் திருவல்லிக்கேணியிற் கூட்டுறவுப் பண்டகசாலை தோன்றிற்று.

கடனை நிறுத்திய ராச்டேலார், அதற்கு ஈடாகத் தூய பண்டமும் இலாபப் பங்கும் அளித்தமை நோக்கத்தக்கது. செலவு சுருக்கக் கருதும் நம்மவரும், ஓர் உபசாரத்தை நிறுத்துமுன், அதற்கு ஈடாக யாது தருவோம் என எண்ணுவாராக. தராசில் மட்டும் கைவையாதிருப்பாராக. அங்கே மிச்சமாகும் காசு, பல்லாண்டு தேடிய நம்பிக்கையின் விலையாம்.