சீட் பெல்ட் பக்கிளுக்கு ஒளியூட்டல்

மோட்டார் வாகன இருக்கையின் ஓரத்தில், சீட் பெல்ட்டின் உலோக நாக்கைச் செருகிப் பூட்டுவதற்கென அமைந்த சிறு பெட்டி பக்கிள் எனப்படும். அப்பெட்டியின் வாயிலோ அதன் விளிம்பிலோ மிகச் சிறிய விளக்கைப் பொருத்தியோ, தானே ஒளிரும் பொருளைப் பூசியோ, இரவில் வண்டிக்குள் அமர்பவர் தடவித் தேடாமல் அதைக் கண்டுகொள்ளுமாறு செய்யும் ஏற்பாடே பக்கிள் ஒளியூட்டல் ஆகும். இன்று இது பெரும்பாலும் விலையுயர்ந்த கார்களின் வசதிகளுள் ஒன்றாகவே எண்ணப்படுகிறது. ஆனால் இதன் வரலாற்றைப் பின்னோக்கிப் பார்த்தால், இது தீர்க்க முயலும் சிக்கல் சீட் பெல்ட்டின் அடிப்படை வடிவத்திலேயே உள்ளடங்கியிருப்பதும், அறுபது ஆண்டுகளுக்கு மேலாக விதிகள் அதைப் பெரும்பாலும் தொடாமலே கடந்து வந்திருப்பதும் தெரியவரும்.

பயணியை இருக்கையோடு பிணைக்கும் எண்ணம் மோட்டார் காரைவிடப் பழையது. நியூயார்க்கைச் சேர்ந்த எட்வர்ட் கிளாஹார்ன் என்பவர் 1885 பிப்ரவரி 10 அன்று பெற்ற அமெரிக்கக் காப்புரிமை, உடலைப் பட்டையாலும் கொக்கியாலும் ஒரு நிலையான பொருளோடு பிணைக்கும் கருவி பற்றியது. பின்னர் விமானங்களில் இடுப்புப் பட்டை வழக்கத்துக்கு வந்தது. 1949-இல் நாஷ் நிறுவனமும் 1955-இல் ஃபோர்டு நிறுவனமும் கார் வாங்குவோர் விரும்பினால் பெல்ட் பொருத்தித் தரத் தொடங்கின. விமானத்திலும் காரிலும் வந்த இவை இடுப்பை மட்டும் சுற்றும் பட்டைகள். பூட்டு மடியின்மீதே இருந்ததால் அதைத் தேட வேண்டிய தேவை எழவில்லை.

அந்நிலை 1959-இல் மாறியது. போர் விமானங்களிலிருந்து விமானியை வெளியே வீசும் இருக்கைகளை வடிவமைத்துப் பழகிய சுவீடன் நாட்டுப் பொறியாளர் நில்ஸ் போலின், வோல்வோ நிறுவனத்தில் சேர்ந்து, தோளையும் இடுப்பையும் ஒரே பட்டையால் மூன்று புள்ளிகளில் பிடிக்கும் பெல்ட்டை உருவாக்கினார். தோளிலிருந்து இறங்கும் பகுதியும் இடுப்பைக் கடக்கும் பகுதியும் இருக்கையின் பக்கவாட்டில், தாழ்வான ஒரே இடத்தில் வந்து கூட வேண்டும் என்பது இந்த வடிவத்தின் உயிர்நாடி. அப்போதுதான் மோதலின்போது பட்டை மென்மையான வயிற்றுக்கு ஏறாமல் இடுப்பெலும்பிலும் மார்புக் கூட்டிலும் நிலைத்து நின்று விசையைத் தாங்கும். அந்தத் தாழ்வான கூடுமிடத்தில்தான் பக்கிள் இருக்கிறது. உடலுக்கு மிகச் சரியான அந்த இடம் கண்ணுக்கு மிக மோசமான இடமாகவும் அமைந்துவிட்டது: தொடைக்கும் இருக்கை மெத்தைக்கும் இடையிலான பள்ளம், வண்டியின் உள்விளக்கு எரியும்போதுகூட நிழல் விழும் மூலை. வோல்வோ தன் காப்புரிமையைப் பிற நிறுவனங்களும் பயன்படுத்திக்கொள்ள விட்டுக்கொடுத்ததால், எண்ணற்ற உயிர்களைக் காத்த இந்த வடிவம் உலகெங்கும் பரவியது. பக்கிளைத் தேடும் தொல்லையும் கூடவே பரவியது.

பெல்ட் அணிவதைச் சட்டக் கடமையாக்கிய முதல் ஆட்சிப்பகுதி ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் (1970). தமிழர் கணிசமாக வாழும் நாடுகளுள் மலேசியா முன் இருக்கைக்கு 1979-லும் பின் இருக்கைக்கு 2009-லும், சிங்கப்பூர் முறையே 1981-லும் 1993-லும் இக்கடமையைக் கொண்டுவந்தன. இவ்விரு நாடுகளிலும் முன் இருக்கையே முதலில் கவனம் பெற்றது; பின் இருக்கை நெடுங்காலம் காத்திருந்தது.

பக்கிள் எப்படி இருக்க வேண்டும் என்று வகுத்த விதிகளில், கழற்றும் செயலே முழுக் கவனத்தையும் பெற்றிருக்கிறது. பல நாடுகள் பின்பற்றும் ஐக்கிய நாடுகள் அவையின் 16-ஆம் ஒழுங்குவிதி, விடுவிப்புப் பொத்தான் சிவப்பாக இருக்க வேண்டும் என்றும், பக்கிளின் வேறெந்தப் பகுதியும் அந்நிறத்தில் இருக்கக்கூடாது என்றும் கூறுகிறது. பள்ளத்துக்குள் அமைந்த பொத்தானாயின் அதன் பரப்பு 4.5 சதுர செ.மீ.-க்கும் அகலம் 15 மி.மீ.-க்கும் குறையக்கூடாது என்றும் அது அளவிட்டுச் சொல்கிறது. விபத்துக்குப் பின் மீட்பவர் ஒரு கணமும் தாமதிக்காமல் பெல்ட்டை விடுவிக்க வேண்டும் என்பதே இதன் காரணம். அதில் குறைகாண இடமில்லை. எனினும், வண்டியில் ஏறியதும் நாக்கைச் செருகும் துளையை இருளில் எப்படிக் கண்டுகொள்வது என்பதற்கு இதற்கு ஈடான அக்கறை காட்டப்படவில்லை. அவ்விதி, இருக்கையில் ஆள் இருக்கும்போது பக்கிளில் சிவப்பு எச்சரிக்கை விளக்கு எரியலாம், பெல்ட் மாட்டியதும் அது அணைய வேண்டும் என்று அனுமதிக்கிறது. அது அனுமதி மட்டுமே.

விளக்கு என்றதும் விதி வகுப்போர் மனத்தில் தோன்றியது முகப்புப் பலகை விளக்கு. அமெரிக்காவில் 1974-ஆம் ஆண்டு மாதிரிக் கார்கள், முன் இருக்கையில் இருப்போர் பெல்ட் மாட்டாவிட்டால் எஞ்சினே உயிர்பெறாதவாறு அமைக்கப்பட்டன. மக்களின் சினம் அதே ஆண்டு அக்டோபரில் நாடாளுமன்றத்தையே தலையிட வைத்தது. அந்தப் பூட்டு விலக்கப்பட்டதோடு, எச்சரிக்கை ஒலி 8 விநாடிக்கு மேல் நீளும்படி விதிக்கவும் தடை வந்தது. அந்த 8 விநாடியில் கடிந்துகொள்ளும் ஒலியும் விளக்கும் ஓட்டுநருக்கு முன்னே இருந்தன. அவர் கை தேடும் இடத்தில் எதுவும் இல்லை. கடிவதும் வழிகாட்டுவதும் வெவ்வேறு பணிகள் என்பதை இவ்வரலாறு முழுவதும் மறந்தே வந்திருக்கிறது.

ஒளியூட்டும் வழிகள் இரு வகைப்படும். முதலாவது மின்சாரம் வேண்டாத ஒளிர்பொருள். பழைய துத்தநாக சல்பைடு பூச்சு சற்று நேரமே மங்கலாக ஒளிரும். ஜப்பானின் நெமோட்டோ நிறுவனம் 1993-இல் உருவாக்கிய, யூரோப்பியமும் டிஸ்புரோசியமும் கலந்த ஸ்ட்ரான்சியம் அலுமினேட்டுப் பொருளோ பல மணி நேரம் ஒளி தரக்கூடியது. ஆயினும் இவ்வகைப் பொருள் பகலொளியை உள்வாங்கித்தான் இரவில் திருப்பித் தரும். மெத்தைகளுக்கு இடையில் புதைந்து கிடக்கும் பக்கிளுக்குப் பகலிலும் வெளிச்சம் எட்டாது என்பதால், எங்கு மிகவும் தேவையோ அங்கே இது கைவிட்டுவிடுகிறது. மெத்தைக்கு மேலே விறைப்பான காம்பில் நிமிர்ந்து நிற்கும் முன் இருக்கைப் பக்கிளுக்கே இது பொருந்தும்.

இரண்டாவது வழி மின்விளக்கு. இழை விளக்கு சூடேறும், அதிர்வில் அறுந்துபோகும், எல்.இ.டி. வந்தபின் அத்தடைகள் நீங்கின. 20 மில்லி ஆம்பியருக்கும் குறைந்த மின்னோட்டத்தில் எரியும் ஒரு எல்.இ.டி.-யின் ஒளியை, தெளிந்த பிளாஸ்டிக் துண்டு ஒன்றின் வழியாகத் துளையின் விளிம்பு முழுவதும் பரப்பிவிடலாம். பெல்ட் மாட்டப்பட்டதா என்பதை அறிய பக்கிளுக்குள் ஏற்கெனவே ஒரு நுண் சுவிட்சோ, காந்தப் புலத்தை உணரும் உறுப்போ இருக்கும். அதே உறுப்பைக் கொண்டு, நாக்கு செருகப்பட்டதும் விளக்கை அணைத்துவிட்டால் இரவு ஓட்டத்தில் கண்ணுக்கு இடையூறு நேராது. ஆக, எச்சரிக்கை அமைப்பு உள்ள வண்டியில் பக்கிள் வரை மின்கம்பி வந்து சேர்ந்தே இருக்கிறது. அதற்குமேல் ஒளிக்கு வேண்டியது சிறு செலவே.

இந்த வாய்ப்பை முழுமையாகப் பயன்படுத்திக்கொண்ட வண்டிகளுள் நன்கு அறியப்பட்டது மெர்சிடிஸ் பென்ஸ் எஸ் கிளாஸ். அந்நிறுவனம் 2012-இல் அறிவித்து, 2013-இல் வெளிவந்த எஸ் கிளாஸ் தலைமுறையில் வழங்கிய பின் இருக்கைப் பக்கிள், பின்கதவு திறந்ததும் ஒரு மின் மோட்டாரால் மெத்தையிலிருந்து சுமார் 70 மி.மீ. வரை மேலெழும், அதன் துளையைச் சுற்றி ஒளி எரியும். நாக்கைச் செருகியதும் பக்கிள் தன் பழைய இடத்துக்குத் தாழ்ந்து, போகிற போக்கில் பட்டையின் தொய்வையும் இறுக்கிவிடும். பின் இருக்கையில் பெல்ட் அணியாமைக்கு அலட்சியம் மட்டும் காரணமல்ல, அணிவதில் உள்ள சிரமமும் காரணம் என்பதைப் பெரிய கார் நிறுவனம் ஒன்று பொறியியல் வழியே ஒப்புக்கொண்டது இதன் சிறப்பு. அதை ஒப்புக்கொண்ட இடம் செல்வர் வண்டியாக இருந்தது வருந்தத்தக்கது.

இந்தியாவில் மத்திய மோட்டார் வாகன விதிகளின் 125-ஆம் விதி, 1993-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, ஓட்டுநருக்கும் முன் இருக்கைப் பயணிக்கும் பெல்ட் பொருத்துவதை 1994 முதல் உற்பத்தியாளரின் கடமையாக்கியது. பின் இருக்கைகளுக்கான கடமை பிற்பாடு சேர்ந்தது. பெல்ட்டும் பக்கிளும் ஐ.எஸ். 15140 என்ற இந்தியத் தர நிர்ணயத்தின்படி சோதிக்கப்படுகின்றன. முன் இருக்கைகள் இரண்டுக்கும் எச்சரிக்கை ஒலி 2019 ஜூலை 1 முதல் எல்லாப் புதிய கார்களிலும் கட்டாயமானது. அவ்வாண்டு செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தம் அபராதத்தை 100 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாக உயர்த்தியது; தமிழ்நாடு அவ்வுயர்வை 2022 அக்டோபரில் நடைமுறைப்படுத்தியது.

2022 செப்டம்பர் 4 அன்று டாட்டா சன்ஸ் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி, அகமதாபாத்–மும்பை நெடுஞ்சாலையில் பால்கர் மாவட்டத்தில் நேர்ந்த விபத்தில், பின் இருக்கையில் பெல்ட் அணியாத நிலையில் உயிரிழந்தது நாட்டின் கவனத்தைப் பின் இருக்கைக்குத் திருப்பியது. அவ்வாண்டு பெல்ட் அணியாததால் இறந்தோர் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கணக்கிட்டவர்கள் 16,715 பேர்; அவர்களுள் 8,384 பேர் ஓட்டுநர்கள், 8,331 பேர் பயணிகள். ஏறத்தாழச் சரிபாதியானோர் ஓட்டுநர் அல்லர் என்பது, ஓட்டுநரின் கண்முன் எரியும் விளக்கு எவ்வளவு தூரம் உதவும் என்ற கேள்வியை எழுப்புகிறது. பின் இருக்கைக்கும் எச்சரிக்கை அமைப்பு 2025 ஏப்ரல் 1 முதல் புதிய கார்களில் கட்டாயமாக்கப்பட்டது. எந்த இந்திய விதியும் பக்கிளுக்கு ஒளி வேண்டும் என்று கேட்கவில்லை.

எச்சரிக்கை ஒலியை ஏமாற்றும் போலி நாக்குகளின் வணிகமும் இவ்வரலாற்றில் இடம்பெற வேண்டியதே. பட்டை இல்லாத வெறும் உலோக நாக்கைப் பக்கிளில் செருகிவிட்டால், பெல்ட் மாட்டியதாக எண்ணி ஒலி நின்றுவிடும். 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து இணைய வணிக நிறுவனங்களுக்கு எதிராக ஆணை பிறப்பித்தது. 13,118 விற்பனைப் பட்டியல்கள் நீக்கப்பட்டன. அணிய மனமில்லாதவரைப் பக்கிளில் எரியும் எந்த விளக்கும் மாற்றாது. மனமிருந்தும் துளை கைக்கு அகப்படாததால் கைவிடுவோர் வேறு வகையினர், ஒளியூட்டல் அவர்களுக்கானது.

அத்தகையோர் இந்தியாவில் இருப்பதற்கு ஒரு காரணம் சீட் கவர். புதிய கார் வாங்கிய சில நாள்களிலேயே சென்னை ஜி.பி. சாலை போன்ற கடைத்தெருக்களில் ரெக்சின் கவர் மாட்டிக்கொள்வது பரவலான வழக்கம். பின் இருக்கைக் கவரைத் தைப்பவர் பக்கிளுக்கு வெட்டுத் துளை விட்டிருந்தாலும், நாளடைவில் கவர் நகர்ந்து பக்கிள் அடியில் போய்விடும். பல வாடகைக் கார்களில் அது மெத்தைக்குக் கீழேயே திணிக்கப்பட்டிருக்கும். அதன்மேல் ஒரு டர்க்கித் துண்டும் விரித்துவிட்டால் தேடல் இன்னும் கடினமாகிறது. ஐந்து பேர் அமரும் வண்டியில் நடு இருக்கையின் பக்கிளும் ஓர இருக்கையின் பக்கிளும் அருகருகே இருக்க, ஒன்றின் நாக்கு மற்றொன்றில் பொருந்தாமல் போவதும் உண்டு. எது நடு இருக்கைக்குரியது என்பதைப் பல நிறுவனங்கள் பக்கிளின் மேலேயே புடைப்பெழுத்தில் பொறிக்கின்றன. கறுப்புப் பிளாஸ்டிக்கின்மீது கறுப்பாகவே எழுந்து நிற்கும் அவ்வெழுத்து இரவில் யாருக்கும் பயன்படுவதில்லை.

ஆந்திரப் பிரதேசம், தமிழ்நாடு, கர்நாடகம் ஆகிய மூன்று மாநிலங்கள் கூடும் மூலையில், சித்தூர் மாவட்டத்தில் அமைந்த ராமகுப்பம் போன்ற வட்டாரங்களில் இதன் தேவையைத் தெளிவாகக் காணலாம். கவுண்டின்யா வனவிலங்குச் சரணாலயத்தை ஒட்டிய, யானைகள் நடமாடும் இப்பகுதியின் சாலைகளில் பெரும் நீளத்துக்குத் தெருவிளக்கு கிடையாது. ஆகவே பின் இருக்கையில் ஏறுபவருக்குக் கதவு மூடியதும் வெளியிலிருந்து கிடைக்கும் ஒளி எதுவுமில்லை. பெத்தமங்கலாவிலிருந்து பைரெட்டிபள்ளி, பங்காருபாளையம் வழியாகக் குடிபாலா வரை சித்தூர் மாவட்டத்தில் ஏறத்தாழ 85 கி.மீ. செல்லுமாறு பெங்களூரு–சென்னை விரைவுச்சாலை திட்டமிடப்பட்டிருப்பதால், கிராமத்துச் சாலையில் மெல்ல ஊர்ந்த அதே வண்டி சிறிது நேரத்தில் மிகுவேகத்தில் செல்லும் நிலை வருகிறது. புறப்படும்போது கிடைக்காத பக்கிளை ஓடும் வண்டியில் யாரும் தேடிப் பிடிப்பதில்லை. இவ்வூர்களின் அன்றாடப் பயணத்தில் பெரும்பங்கு வகிக்கும் ஷேர் ஆட்டோக்களோ 125-ஆம் விதி விலக்களித்த சிறு மூன்று சக்கர வண்டிகள். அவற்றில் பயணிக்குப் பெல்ட்டே இல்லை.

பழைய வண்டியில் ஒளி சேர்க்க விரும்புவோர் பக்கிளைத் துளையிடுவதும் அதன் கம்பிகளில் இணைப்பு எடுப்பதும் ஆபத்தானவை. சில கார்களில், மோதலின்போது பட்டையை வெடிமருந்தின் விசையால் இழுத்து இறுக்கும் கருவி பக்கிளின் அடியிலேயே இருக்கிறது; ஏர்பேக் அமைப்போடு சேர்ந்த அந்த மின்சுற்றை அதன் மஞ்சள் நிற இணைப்பி கொண்டு அடையாளம் காணலாம். அதைத் தொடுவது பயிற்சி பெற்ற பணிமனைக்கு மட்டுமே உரியது. கவரில் பக்கிளுக்கான வாயை அகலமாக வெட்டி ஓரம் தைத்துக்கொள்வதும், பக்கிளின் மேல்முனையில், துளையையும் பொத்தானையும் மறைக்காமல், ஒளிர் ஒட்டுப்பட்டை ஒன்றை ஒட்டிவைப்பதும், எல்லாரும் பெல்ட் மாட்டி முடிக்கும் வரை உள்விளக்கை எரியவிடுவதும் வண்டியில் எதையும் பிரிக்காமல் செய்யத்தக்கவை.