மூட்டுக்குள் முற்றுகை – 6: கதர் கட்டிய மாணவன்

சென்ற வாரம் பொன்முடி அடிவாரத்துக் கல்லாற்றில் நின்றோம். பச்சிலையால் விஷம் முறிக்கும் காணி மூதாட்டி லட்சுமிக்குட்டி அம்மாவை 2018இல் பத்மஸ்ரீ தேடி வந்தது. இந்த வாரக் கதாநாயகனுக்கோ, உரிய பட்டத்தையே சென்னை கொடுக்கவில்லை.

பீமவரத்தில் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ், காந்தி பேச்சைக் கேட்டுச் சென்னை மருத்துவக் கல்லூரிக்குக் கதரில் வந்தார். ஆங்கிலேயப் பேராசிரியருக்குப் பொறுக்கவில்லை. எம்.பி.பி.எஸ். கைநழுவி, அதற்குக் கீழான எல்.எம்.எஸ்.தான் கிடைத்தது. அதற்கு முன்பே வீட்டில் பேரிடி: ஸ்புரூ என்ற குடல்நோய் எட்டே நாளில் இரண்டு சகோதரர்களைக் கொண்டுபோயிருந்தது. பின்னாளில் அதே நோய் அவரையும் பிடித்தது. காப்பாற்றியது டாக்டர் ஆசண்ட லட்சுமிபதியின் ஆயுர்வேத வைத்தியம். அவருடைய கல்லூரியிலேயே கொஞ்ச காலம் பாடம் நடத்திவிட்டு, பாஸ்டனுக்குக் கப்பல் ஏறினார் சுப்பாராவ்.

ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கேயும் அவரும் 1929இல் தசையிலிருந்து பிரித்துக் காட்டிய பொருள் ஏ.டி.பி. உயிரணு எந்த வேலைக்கும் செலவழிக்கும் சில்லறை அது. முடக்குவாதம் வந்த மூட்டில் இந்தச் சில்லறைக்குத்தான் அடிதடி. மூட்டு உறையின் உயிரணுக்கள் பெருகித் தடிக்கின்றன, ஆக்சிஜன் போதவில்லை. குளுக்கோஸை அவசர அவசரமாக உடைத்துச் சமாளிக்கின்றன. மூட்டுநீரில் லாக்டிக் அமிலம் சேர்கிறது. அது வெறும் கழிவும் அல்ல. வீக்கத்தை மேலும் கிளறிவிடுகிறது. குருத்தெலும்பு அரிபடுகிறது.

இதெல்லாம் பல பத்தாண்டுகளுக்குப் பின் தெரிந்த சங்கதி. சுப்பாராவ் லெடர்லே நிறுவனத்துக்கு மாறியிருந்தார். அவருடைய குழு ஃபோலிக் அமிலத்தை ஆய்வகத்திலேயே தயாரித்தது. ஸ்புரூவுக்கு மருந்து! சகோதரர்களுக்குத்தான் காலம் கடந்துவிட்டது. அடுத்து, ஃபோலிக் அமிலம் போலவே தோன்றி உயிரணுவை ஏமாற்றி, அதன் பெருக்கத்தை நிறுத்தும் அமினோப்டெரின். ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்த சிட்னி ஃபார்பர், 1948 ஜூனில் முடிவுகளை வெளியிட்டார். அதன் தம்பிதான், முடக்குவாதக்காரர்கள் இன்று வாரத்துக்கு ஒரே நாள் விழுங்கும் மெத்தோட்ரெக்சேட்.

ஆனால் 1948 ஆகஸ்டில், 53 வயதில், சுப்பாராவ் தூக்கத்திலேயே இறந்துபோனார். அமினோப்டெரினை மூட்டுநோய்க்கு அதுவரை எவரும் கொடுத்துப் பார்த்திருக்கவில்லை.

அடுத்த மாதமே மேயோ கிளினிக்கில் ஃபிலிப் ஹென்ச், முடக்குவாதத்தால் படுத்துக் கிடந்த 29 வயதுப் பெண்ணுக்கு முற்றிலும் வேறொரு மருந்தை ஊசியில் ஏற்றினார். சில நாட்கள்தான். அந்தப் பெண் எழுந்தார், கடைவீதிக்குக் கிளம்பிவிட்டார்!

அந்த ஊசியில் இருந்தது என்ன? அது மூன்று பத்தாண்டுகளுக்கு மேல் சுப்பாராவின் மருந்தை மூலையில் உட்காரவைத்தது எப்படி?

(தொடரும்)