தாடை மூட்டு வலி: முதலில் பார்க்க வேண்டிய மருத்துவர் யார்?

காதுக்கு முன்னால் தொடங்கி நெற்றிப்பொட்டு வரை பரவும் வலி, கொட்டாவி விடும்போது ‘டக்’கென்று ஒரு சத்தம், காலையில் எழுந்ததும் தாடை இறுகிக் கிடப்பது, முறுக்கோ தேங்காய்ச் சில்லோ கடிக்கத் தயக்கம். இந்தக் குறிகள் உள்ளவர் தமிழகத்தில் முதலில் எந்த மருத்துவரிடம் போவார் என்பது அவர் வலியை எதனுடையது என்று நினைக்கிறார் என்பதைப் பொறுத்தது. காது என்று நினைத்தால் காது மூக்கு தொண்டை மருத்துவர். கடவாய்ப் பல் என்று நினைத்தால் பல் மருத்துவர். மூட்டு என்று யாரோ சொன்னால் எலும்பு மருத்துவர். தலைவலி மிஞ்சினால் நரம்பியல் மருத்துவர். ஒவ்வொருவரும் தத்தம் உறுப்பைச் சோதித்து, அதில் கோளாறில்லை என்று அனுப்பிவைக்கிறார். அல்லது அதில் எதையோ கண்டு சிகிச்சை தொடங்குகிறார். இரண்டாவதுதான் கூடுதல் கவலைக்குரியது.

என் வாதம் இது. தாடை மூட்டுக் கோளாறில் மருத்துவரின் பட்டத்தை மட்டும் வைத்து அவரைத் தேர்ந்தெடுக்க முடியாது. வலியைக் கையால் தொட்டுத் தேடிக் கண்டறியத் தெரிந்தவரா, மீட்க முடியாத சிகிச்சையைக் கடைசிவரை ஒத்திப்போடுகிறவரா என்ற இரண்டையும் முதலில் பார்க்க வேண்டும். இன்றைய இந்திய நிலையில் இவ்விரண்டுக்கும் பயிற்சியால் மிக அருகில் இருப்பவர் வாய் மருத்துவ நிபுணர். அவருடன் தொடக்கத்திலிருந்தே சேர்ந்து இயங்க வேண்டியவர் இயன்முறை மருத்துவர். அறுவை மருத்துவரின் இடம் முக்கியமானது, ஆனால் குறுகியது.

வலி இருக்கும் இடத்தில்தான் நோயும் இருக்கும் என்ற நம்பிக்கை இங்கே காலை வாரிவிடுவதற்கு உடற்கூற்றிலேயே காரணம் உண்டு. முக்கிளை நரம்பின் கீழ்த்தாடைக் கிளையிலிருந்து பிரிந்து காதை ஒட்டி நெற்றிப்பொட்டுக்கு ஏறும் நரம்பு ஒன்று தாடை மூட்டுக்கு உணர்வு தருகிறது. அதே நரம்புதான் காதுக்குழாயின் முன்பகுதிக்கும் பொட்டுத் தோலுக்கும் உணர்வு தருகிறது. கழுத்தின் மேற்பகுதியிலிருந்து வரும் நரம்புகளும் முக்கிளை நரம்பும் தண்டுவடத்தின் உச்சியில் ஒரே உட்கருவில் வந்து சேர்கின்றன. ஆகவே மூட்டின் வலி காதில் கேட்கிறது, கழுத்தின் வலி தாடைக்கு ஏறுகிறது. கன்னத்து மெல்லும் தசையின் வலி கடவாய்ப் பற்களில் உணரப்படும். சொத்தையே இல்லாத பல்லுக்கு வேர் சிகிச்சை செய்துகொண்டு, வலி நிற்காததால் அந்தப் பல்லையே பிடுங்கிக்கொண்டவர்கள் உண்டு. பல் போன பிறகும் அவர்களுக்கு வலி நிற்பதில்லை.

இந்தத் தடுமாற்றம் நோயாளிகளுடையது மட்டுமன்று. மருத்துவ வரலாறே இப்படித்தான் நகர்ந்தது. 1934இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரைச் சேர்ந்த ஜேம்ஸ் காஸ்டன் என்ற காது மூக்கு தொண்டை மருத்துவர், 11 நோயாளிகளைக் கொண்டு ஒரு கட்டுரை எழுதினார். பின்பற்களை இழந்தவர்களுக்குத் தாடை அளவுக்கு மீறி மூடிக்கொள்கிறது, அதனால் மூட்டின் குமிழ் பின்னே தள்ளி நரம்பையும் காதின் பகுதிகளையும் அழுத்துகிறது, காதடைப்பும் இரைச்சலும் வலியும் அதனால்தான் என்பது அவர் விளக்கம். கடியை உயர்த்தினால் குணமாகும் என்றார். அவர் சொன்ன அழுத்தம் அவ்வாறு நிகழ இயலாது என்று உடற்கூற்றியலாளர்கள் பின்னர் காட்டினர். ஆனால் அதற்குள் நோய் பல் மருத்துவத்தின் கைக்குப் போய்விட்டது. பற்கள் சரியாகப் பொருந்தாததே வலிக்குக் காரணம் என்ற கொள்கை பல பத்தாண்டுகள் ஆட்சி செய்தது. நல்ல பற்களைத் தேய்த்துச் சமன் செய்வதும் வாய் முழுக்கத் தொப்பி போடுவதும் சிகிச்சையாயின.

1950களில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் லாஸ்லோ ஷ்வார்ட்ஸ் பார்வையைப் பல்லிலிருந்து தசைக்குத் திருப்பினார். 1969இல் டேனியல் லாஸ்கின் மன இறுக்கம், பல் கடிப்பு, தசைச் சோர்வு ஆகியவற்றை ஒரு சங்கிலியாகக் கோத்தார். இந்தத் திருப்பம் வேரூன்றுவதற்குள் படக்கருவிகள் வந்துவிட்டன. மூட்டின் இரு எலும்புகளுக்கும் நடுவே இருக்கும் வட்டு முன்னே விலகியிருப்பதைப் படத்தில் பார்க்க முடிந்தது. பார்க்க முடிந்ததைச் சரிசெய்யும் ஆசையும் உடன் வந்தது. வட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் டெஃப்லான் கலந்த செயற்கைத் தகடு வைக்கும் அறுவை 1980களில் அமெரிக்காவில் பரவியது. வைடெக் நிறுவனத்தின் தகட்டுக்கு 1983இல் அனுமதி கிடைத்தது. மெல்லும் விசையில் அந்தத் தகடு துகள்துகளாக உடைந்தது. துகள்களை எதிர்த்த உடலின் அழற்சி, மூட்டுக் குமிழையும் சிலருக்கு மண்டையோட்டின் அடித்தளத்தையும் அரித்தது. 1990இன் இறுதியில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விடுத்தது. தகடுகள் திரும்பப் பெறப்பட்டன. அவற்றைப் பொருத்திக்கொண்டவர்களில் பலர் பின்னர் அறுவைக்குமேல் அறுவை செய்துகொள்ள நேர்ந்தது.

இதை விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. வலியே இல்லாதவர்களை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தாலும் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு வட்டு விலகியிருப்பதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. அந்த விலகல் பெரும்பாலும் தீங்கற்றது. ‘டக்’கென்ற சத்தம் மட்டும் இருந்து வலியோ பூட்டிக்கொள்ளுதலோ இல்லாதவருக்குச் சிகிச்சையே தேவையில்லை. படத்தை முதலில் பார்த்து நோயாளியை அடுத்துப் பார்க்கும் பழக்கம்தான் பலரை அறுவை மேசைக்குக் கொண்டுபோனது. படத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு “வட்டு விலகியிருக்கிறது, தாமதித்தால் தாடை பூட்டிக்கொள்ளும்” என்று சொல்பவரிடம் இன்றும் இரண்டாம் கருத்துக் கேட்காமல் சம்மதிக்கக் கூடாது.

நல்ல பரிசோதனை எப்படி இருக்கும்? 2014இல் வெளியான பன்னாட்டு நோயறி அளவுகோல் இதைத் துல்லியமாக வரையறுத்திருக்கிறது. மருத்துவர் நோயாளியின் கன்னத் தசையையும் பொட்டுத் தசையையும் விரல் நுனியால், ஏறத்தாழ ஒரு கிலோ அழுத்தத்தில், பகுதி பகுதியாகத் தொட்டுப் பார்க்கிறார். மூட்டுக் குமிழின் வெளிமுனை மீது அரைக் கிலோ போதும். ஒரு சிறிய தராசில் விரலை அழுத்திப் பழகினால் இந்த அளவு கைக்கு வந்துவிடும். வலிக்கிறதா என்று கேட்பதோடு அவர் நின்றுவிடுவதில்லை. “இந்த மாதமெல்லாம் உங்களுக்கு வந்துகொண்டிருப்பது இதே வலிதானா?” என்பதே முக்கியமான கேள்வி. அழுத்தினால் யாருக்கும் ஓரளவு வலிக்கும். “ஆமாம் டாக்டர், இதேதான்” என்று நோயாளி சொல்லும் இடம்தான் நோயின் இடம். பிறகு வாய் திறப்பை மேல், கீழ் வெட்டுப்பற்களின் விளிம்புகளுக்கு இடையே அளவுகோல் வைத்து மில்லிமீட்டரில் அளக்கிறார். பெரியவர்களுக்கு 40 மில்லிமீட்டர் அளவு இருக்க வேண்டும். நோயாளியே தன் மூன்று விரல்களைச் சேர்த்து வாயில் நுழைத்துப் பார்க்கலாம். திறக்கும்போது தாடை ஒரு பக்கம் கோணுகிறதா, மருத்துவர் மெல்ல அழுத்தினால் இன்னும் சற்றுத் திறக்கிறதா என்பனவும் பதிவாகின்றன. இவ்வளவுக்கும் விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். முதல் சந்திப்பில் கன்னத்தையும் பொட்டையும் தொடாமலே மருந்துச் சீட்டு எழுதுகிறவர், அவர் எந்தத் துறையினராயினும், இந்த நோய்க்குத் தகுந்தவர் அல்லர்.

அதே அளவுகோலுக்கு இரண்டாவது அச்சு ஒன்றும் உண்டு: தூக்கம், கவலை, மனச்சோர்வு, உடலின் பிற வலிகள், அன்றாட வேலைக்கு நேரும் இடையூறு. அமெரிக்காவில் ஆயிரக்கணக்கானோரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ‘ஆப்பெரா’ ஆய்வு, வலி புதிதாக வருவதை முன்னறிவிப்பதில் தூக்கக் குறைவும் உடலெங்கும் உள்ள பிற வலிகளும் பெரிய இடம் பெறுவதைக் காட்டியது. பற்களைத் தேய்த்துச் சமன்செய்வது வலியைக் குணப்படுத்துகிறது என்பதற்குச் சான்றில்லை என்று காக்ரேன் மதிப்பாய்வு 2003லேயே கூறிவிட்டது. ஆகவே வலிக்காகப் பல்லைத் தேய்க்கச் சொல்பவரையும், வலி நீங்க ‘கிளிப்’ போட்டுப் பற்களை வரிசைப்படுத்த வேண்டும் என்பவரையும் ஏற்க முடியவில்லை. பல்வரிசைச் சீரமைப்புக்கு வேறு நல்ல காரணங்கள் இருக்கலாம். அவற்றில் தாடை வலி சேராது.

2023இல் பி.எம்.ஜே. இதழ் வெளியிட்ட வழிகாட்டுதல் நாள்பட்ட தாடை வலிக்கான சிகிச்சைகளைத் தரம் பிரித்தது. வலுவாகப் பரிந்துரைக்கப்பட்டவை: மேற்பார்வையுடன் செய்யும் தாடைப் பயிற்சியும் நீட்டலும், கழுத்து-தோள் நிலையைச் சீராக்கும் பயிற்சி, கையால் மூட்டை இயக்குதல், தசையின் வலி முடிச்சுகளைக் கையால் தளர்த்துதல், அறிவு-நடத்தைச் சிகிச்சை, நோயைப் பற்றிய விளக்கமும் தேறுதலும், வீட்டிலேயே செய்யும் பயிற்சிகள். மீட்க முடியாத விளைவை உண்டாக்கும் வாய்த்தகடுகளையும் வட்டை அகற்றும் அறுவையையும் அது வலுவாக எதிர்த்தது. போடாக்ஸ் ஊசி, லேசர், மூட்டைக் கழுவும் ஊசிமுறை, கழற்றி மாட்டும் சாதாரணத் தகடு ஆகியவற்றுக்கும் ஓரளவு எதிரான நிலையே எடுத்தது. கழற்றி மாட்டும் தகட்டைப் பொறுத்தவரை எனக்குச் சற்றுத் தளர்ந்த கருத்து உண்டு: இரவில் பல் கடிப்பவரின் பற்கள் தேயாமல் அது காக்கிறது. வலிக்கு முதல் சிகிச்சையாக அதை விற்பதுதான் தவறு.

இந்தப் பட்டியலில் முன்னிற்பவை யார் கையில் இருக்கின்றன என்று பாருங்கள். பெரும்பாலானவை இயன்முறை மருத்துவருடையவை. தமிழகத்தில் சிறு நகரங்களிலும் அவர்கள் இருக்கிறார்கள். கழுத்து, தோள், முதுகில் நல்ல தேர்ச்சி உள்ளவர்கள். தாடையைத் தொட்டுப் பழகியவர்கள் அவர்களில் குறைவு. இது திருத்தக்கூடிய குறை. “தாடைக்குச் சிகிச்சை செய்திருக்கிறீர்களா? கையுறை போட்டு வாய்க்குள்ளிருந்து தசையைத் தளர்த்துவீர்களா? வீட்டில் செய்ய என்ன சொல்லித் தருவீர்கள்?” என்று நோயாளி கேட்கலாம். கருவியை மாட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறவரைவிடக் கையால் வேலை செய்கிறவரே இங்கே பயன்படுவார்.

நோயறிதலுக்குப் பொறுப்பேற்பவர் யார் என்ற கேள்வி அடுத்தது. அமெரிக்காவில் 2020இல் வாய்-முக வலி பல் மருத்துவத்தின் தனிச் சிறப்புத்துறையாக அங்கீகாரம் பெற்றது. இந்தியாவில் பல் மருத்துவ முதுநிலைப் படிப்பின் ஒன்பது பிரிவுகளில் அது இல்லை. அந்த ஒன்பதில் வாய் மருத்துவமும் கதிரியலும் சேர்ந்த பிரிவு, பல்லுக்கு அப்பாற்பட்ட முக வலியை வேறுபடுத்தி அறியப் பயிற்றுகிறது. இன்ன அறுவை, இன்ன தொப்பி என்ற கைவேலையோடு அதன் பிழைப்பு பிணைக்கப்படவில்லை என்பதும் நோயாளிக்கு நன்மை. கதிரியல் சேர்ந்திருப்பதால் இத்துறையினர் படம் பார்ப்பவர்களாகவே சுருங்கிவிடும் அபாயமும் உண்டு என்று சிலர் கூறுவது நியாயம்தான். ஆயினும் செயற்கைப் பல் நிபுணரையோ முக அறுவை நிபுணரையோ முதல் வாயிலாக்குவதைவிட இது மேல். பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இத்துறைதான் வழக்கமாக நோயாளி முதலில் வந்து சேரும் இடம். வாய் மருத்துவ நிபுணர் எட்டாத ஊரில், மேலே சொன்ன பரிசோதனையைப் பொறுமையாகச் செய்யும் பொதுப் பல் மருத்துவரே போதும்.

உளவியலாளரிடம் அனுப்பும்போது நேரும் கசப்பையும் இங்கே சொல்ல வேண்டும். “எல்லாம் மனசுலதான்னு சொல்லி அனுப்பிட்டாங்க” என்று நோயாளி வீட்டில் சொல்லி அழும் நிலையை மருத்துவரின் அவசரமே உருவாக்குகிறது. இந்நோய் 20 முதல் 40 வயதுப் பெண்களிடம் அதிகம் காணப்படுவதால், அந்த அவசரத்தின் சுமையும் அவர்கள் மீதே விழுகிறது. வலி உண்மையானது, நரம்பு மண்டலம் அதைப் பெருக்கிக் காட்டுகிறது, அந்தப் பெருக்கத்தைக் குறைக்கவே இந்தப் பயிற்சி என்று இரண்டு நிமிடம் விளக்கினால் பெரும்பாலோர் ஏற்பார்கள்.

மேற்கண்ட வரிசை பொருந்தாத நிலைமைகளும் உண்டு. அவற்றில் காத்திருப்பது ஆபத்து. 50 வயதைக் கடந்தவருக்கு உணவை மெல்லும்போது தாடை வலித்து, மெல்வதை நிறுத்தினால் தணிந்து, பொட்டில் புதிய தலைவலியும் இருந்தால் அது பொட்டுத் தமனியின் அழற்சியாக இருக்கலாம். சிகிச்சை தாமதித்தால் பார்வை பறிபோகும் என்பதால் அன்றே பொது மருத்துவரையோ மூட்டழற்சி நிபுணரையோ பார்க்க வேண்டும். நடந்தால் வந்து நின்றால் போகும் தாடை வலி, வியர்வையோ மூச்சுத்திணறலோ சேர்ந்த தாடை வலி, இதயத்துடையதாக இருக்கலாம். முகம் கழுவினால், காற்றுப் பட்டால் மின்னல்போல் வெட்டி நொடிகளில் மறையும் வலிக்கு நரம்பியல் மருத்துவர். கொட்டாவியில் திறந்த வாய் மூடவே இல்லையென்றால் அவசர சிகிச்சைப் பிரிவு.

பாக்கும் குட்காவும் மெல்லும் நம் சூழலில் இன்னொன்றும் உண்டு. உட்கன்னம் வெளிறி, நார்போல் இறுகி, காரம் பட்டால் எரிந்து, வாய் திறப்பு ஆண்டுக்காண்டு குறைந்துகொண்டே போகும் வாய்ச் சளிச்சவ்வு நாரிறுக்கத்தில் மூட்டுக்கு ஒரு பழுதும் இருக்காது. அதை மூட்டுக் கோளாறு என்று நினைத்துப் பயிற்சி மட்டும் கொடுப்பது, புற்றுநோயாக மாறக்கூடிய ஒரு நிலையைக் கண்காணிப்பில்லாமல் விடுவதாகும். விரலை உட்கன்னத்தில் ஓட்டினாலே பட்டைகள் தட்டுப்படும்.

முக அறுவை நிபுணரே முதலில் வேண்டிய இடமும் இருக்கிறது. கீழே விழுந்து முகவாயில் அடிபட்ட குழந்தைக்கு மூட்டுக் குமிழ் உடைந்திருப்பதை யாரும் கவனிக்காமல் விட்டால், மாதங்கள் போனபின் மூட்டு எலும்போடு எலும்பாக ஒட்டிக்கொள்ளும். வாய் திறப்பு விரலளவாகிறது, முகவாய் வளராமல் உள்ளொடுங்குகிறது, தூக்கத்தில் மூச்சு அடைக்கிறது. அந்தக் குழந்தைக்குத் தகடோ பயிற்சியோ கொடுத்து மாதங்களைக் கடத்துவது தவறு. ஒட்டலை நீக்கும் அறுவையும், அதை அடுத்து நெடுநாள் தொடரும் வாய் திறக்கும் பயிற்சியும் வேண்டும். முகவாயில் தையல் போட்டு அனுப்பும் மருத்துவர், “குழந்தை வாயை எவ்வளவு திறக்கிறது?” என்று அன்றே ஒருமுறை அளந்து சீட்டில் எழுதி, இரண்டு வாரம் கழித்து மீண்டும் அளக்க வரச்சொன்னால், அந்த இரண்டு எண்களுக்கும் உள்ள வேறுபாடே குழந்தையை உரிய காலத்தில் அறுவை நிபுணரிடம் அனுப்பிவிடும்.