காய்ச்சல் நாளின் சூப்: பாஸ்தீனாவின் கதை

போன மாசி மாதம் அம்மாவுக்குக் காய்ச்சல். வழமையாக எங்கள் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் அவர்தான் எழும்பி அடுப்படிக்குப் போவார். இந்த முறை அவரால் முடியவில்லை. "என்னம்மா செய்து தர?" என்று கேட்டேன். கஞ்சி என்பார், இல்லாவிட்டால் ரசம் என்பார் என்று நினைத்திருந்தேன்.

"பாஸ்தீனா வை" என்றார்.

யாழ்ப்பாணத்தில் பிறந்து, இருபத்து மூன்று வயதில் பலேர்மோவுக்கு வந்தவர் அம்மா. அவருக்குக் காய்ச்சல் வந்தால் வாய் கேட்பது ஓர் இத்தாலிய சூப். இது எப்படி நடந்தது என்று யோசித்தேன். அந்த யோசனை என்னைச் சில வாரங்கள் புத்தகங்களுக்குள் இழுத்துக்கொண்டு போனது. அங்கே கண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், தெரியாதவர்களுக்காக: பாஸ்தீனா என்றால் "குட்டிப் பாஸ்தா". ஒரு கரண்டியில் நூறு துண்டு அள்ளலாம், அவ்வளவு சின்னது. ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒவ்வொரு பெயர். ஸ்தெல்லீனே என்றால் குட்டி நட்சத்திரம். ஆச்சினி தி பேபே மிளகு மணி போல இருக்கும். ரிசோனி அரிசி போல. செமி தி மெலோனே மெலன் பழ விதை போல. எழுத்து வடிவத்திலும் உண்டு. கோழி அல்லது மாட்டிறைச்சி அவித்த தெளிந்த சாற்றில், இத்தாலியில் "ப்ரோதோ" என்பார்கள், இதைப் போட்டு ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டால் சூப் தயார். பல் முளைக்கிற குழந்தைக்கும், காய்ச்சல்காரருக்கும், பல் விழுந்த பாட்டிக்கும் இத்தாலியில் இதுதான் சாப்பாடு.

கப்பலேறிய உணவு

மார்க்கோ போலோதான் சீனாவிலிருந்து பாஸ்தாவைக் கொண்டுவந்தார் என்று நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது கட்டுக்கதை. அவர் வெனிஸ் திரும்பியது 1295இல். அதற்குப் பதினாறு வருடம் முன்னரே, 1279இல், ஜெனோவா நகரத்து நொத்தாரிசு ஒருவர் இறந்துபோன ஒரு மனிதரின் உடைமைகளைப் பட்டியல் போட்டிருக்கிறார். அந்தப் பட்டியலில் ஒரு கூடை நிறைய மக்கரோனியும் இருக்கிறது. சொத்துப் பட்டியலில் வருகிற சாப்பாடு என்றால், அது காய்ந்ததாக, வைத்திருக்கக் கூடியதாக, பெறுமதி உள்ளதாக இருந்திருக்க வேண்டும்.

இதைவிடப் பழைய சாட்சி எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பலேர்மோவிலிருந்து கிழக்கே கடற்கரையோரமாக ரயிலில் போனால் திராபியா என்ற சின்ன ஊர் வரும். 1154இல், சிசிலியின் நோர்மன் அரசன் இரண்டாம் ரொஜரின் அவையில் இருந்த அல் இத்ரீசி என்ற அரபுப் புவியியலாளர் ஒரு பெரிய நூலை எழுதி முடித்தார். அதில் திராபியாவைப் பற்றிச் சொல்கிறார்: ஓடும் தண்ணீர், மாவரைக்கும் ஆலைகள், அங்கே ஏராளமாகச் செய்யப்படும் "இத்ரியா". அது கப்பல் கப்பலாகக் கலாப்ரியாவுக்கும், முஸ்லிம் நாடுகளுக்கும், கிறிஸ்தவ நாடுகளுக்கும் போனது என்றும் எழுதியிருக்கிறார்.

இத்ரியா என்பது நூல் போன்ற காய்ந்த பாஸ்தா. கடினக் கோதுமையில் செய்து நன்றாகக் காயவைத்தால் மாதக்கணக்கில் கெடாது. அதனால்தான் கப்பலில் ஏறியது. இத்தாலியின் தெற்கே சாலெந்தோ பகுதியில் கொண்டைக்கடலையோடு சேர்த்துச் செய்யும் ஒரு பாஸ்தாவுக்கு இன்றும் "த்ரியா" என்றுதான் பெயர். அரபுச் சொல் இன்னும் அந்தச் சட்டியிலேயே இருக்கிறது.

இதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இத்தாலியின் அடையாளம் என்று எல்லோரும் சொல்லும் உணவைப் பற்றிய பழைய குறிப்பு ஒன்று, அரபு மொழியில், ஒரு நோர்மன் அரசனுக்காக எழுதப்பட்டிருக்கிறது!

ஏன் இவ்வளவு சின்னது?

இயந்திரம் வருவதற்கு முன்னரும் வீடுகளில் சின்னப் பாஸ்தா இருந்தது. கெட்டியான மாவைத் துருவியில் துருவிப் போடுவார்கள். அல்லது தட்டையாக உருட்டிய மாவில் மிஞ்சியதைக் குட்டிச் சதுரங்களாக வெட்டுவார்கள். ஆனால் நட்சத்திரத்தைக் கையால் ஆயிரக்கணக்கில் வெட்ட யாருக்குப் பொறுமை இருக்கும்?

உங்கள் வீட்டு இடியப்ப உரலை நினைத்துப் பாருங்கள். அடித்தட்டில் உள்ள துளையின் வடிவம்தான் வெளியே வரும் மாவின் வடிவம். பாஸ்தா ஆலையிலும் அதே வேலைதான். வெண்கல அச்சில் நட்சத்திர வடிவத் துளைகள் இருக்கும். மாவை அழுத்தித் தள்ளும்போது நட்சத்திரக் கம்பியாக வெளியே வரும். அச்சோடு ஒட்டிச் சுழலும் கத்தி அதை மெல்லிய துண்டுகளாகச் சீவிவிடும். 19ஆம் நூற்றாண்டில் ஆலைகள் பெருகியபோதுதான் இந்தக் குட்டி வடிவங்களும் பெருகின. ஆக, "பாட்டியின் கைமணம்" என்று இத்தாலியர் கொண்டாடும் அந்த நட்சத்திரம் ஆலையில் பிறந்த பிள்ளை.

யாருடைய சூப்?

1891இல் பெல்லெக்ரீனோ அர்த்தூசி என்பவர் புளோரன்ஸ் நகரில் ஒரு சமையல் புத்தகம் வெளியிட்டார். பதிப்பகங்கள் ஏற்கவில்லை. சொந்தச் செலவில் ஆயிரம் பிரதி அச்சிட்டார். பிறகு அது இத்தாலி முழுக்க வீடு வீடாகப் போனது. அந்தப் புத்தகத்தின் முதலாவது செய்முறை எது தெரியுமா? ப்ரோதோ. நல்ல சாறு வேண்டுமென்றால் இறைச்சியைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டு மெல்லச் சூடாக்க வேண்டும், நல்ல அவித்த இறைச்சி வேண்டுமென்றால் கொதிக்கும் தண்ணீரில் போட வேண்டும் என்கிறார்.

ஆனால் அர்த்தூசி எழுதியது வசதியுள்ள வீடுகளுக்கு. அதே காலத்தில் வட இத்தாலியின் ஏழை விவசாயிகள் சோளமாக் களியை மட்டுமே சாப்பிட்டு, பெலாக்ரா என்ற சத்துக்குறைவு நோயில் வாடினார்கள். தெற்கே கிராமங்களில் ரொட்டியும் அவரையும் கீரையும்தான். இறைச்சிச் சாறு பண்டிகைக்கு, பிள்ளை பெற்ற தாய்க்கு, நோயாளிக்கு. பாஸ்தீனா நோயாளியின் உணவானதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்: வீட்டில் இருந்த நல்லதை, சுகமில்லாதவருக்குக் கொடுத்தார்கள்.

அந்த ஏழைகள்தான் பிறகு கப்பலேறினார்கள். 1880க்கும் 1920க்கும் இடையில் சுமார் நாற்பது இலட்சம் இத்தாலியர் அமெரிக்காவுக்குப் போனார்கள். ஊரில் பண்டிகைக்கு மட்டும் கண்ட பாஸ்தாவும் இறைச்சியும் அங்கே அடிக்கடி கிடைத்தன. ஆனால் அங்கே வேறொரு தொல்லை. சமூக சேவகர்கள் வீட்டுக்கு வந்து, இப்படிச் சமைக்காதீர்கள், அமெரிக்கரைப் போலச் சாப்பிடப் பழகுங்கள் என்று புத்தி சொன்னார்கள். பாடசாலையில் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கக் கூச்சப்பட்ட பிள்ளைகள் அந்த வீடுகளிலும் இருந்திருப்பார்கள். உங்களில் சிலருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

அவர்கள் சமையலை விடவில்லை. கொஞ்சம் மாற்றிக்கொண்டார்கள். ப்ரோதோ வைக்க நேரமில்லாத நாளில் பாஸ்தீனாவைத் தண்ணீரிலோ பாலிலோ அவித்து, வெண்ணெயும் முட்டையும் சீஸும் கலந்தார்கள்.

ஒரு பக்கற் காணாமல் போனபோது

2023 ஜனவரியில் அமெரிக்காவில் ஒரு செய்தி பரவியது. 1915இல் நியூயோர்க்கில் தொடங்கிய ரொன்சோனி நிறுவனம் தன் நட்சத்திரப் பாஸ்தீனாவை இனி விற்கப்போவதில்லை என்று அறிவித்தது. அதைச் செய்து கொடுத்து வந்தவர்கள் நிறுத்துகிறார்கள் என்பது காரணம். உடனே மக்கள் கடைகளுக்கு ஓடினார்கள், கையெழுத்து வேட்டை நடத்தினார்கள், பாட்டியை நினைத்து அழுதார்கள்.

அழுதவர்களில் பலர் மூன்றாம், நான்காம் தலைமுறை. இத்தாலிய மொழியில் ஒரு வசனம் பேசத் தெரியாதவர்கள்கூட. மொழி போய்விட்டது, ஊர் போய்விட்டது. சுகமில்லாத நாளில் கிடைத்த அந்தக் கோப்பையின் ருசி மட்டும் போகவில்லை. இதை வாசித்தபோது எனக்கு ஆறுதலாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. எங்கள் பேரப்பிள்ளைகளிடம் எது மிஞ்சும்?

எங்கள் அடுப்பில்

அம்மா இந்தச் சூப்பைப் படித்தது வேலை இடத்தில். பலேர்மோவுக்கு வந்த நிறையத் தமிழரைப் போல அவரும் வீட்டு வேலைக்குப் போனார். ஒரு வயதான சிசிலியப் பெண்மணியைப் பல வருடம் பராமரித்தார். அவருக்குத் தினமும் இரவில் பாஸ்தீனா. வேலை முடிந்து களைத்து வீட்டுக்கு வந்து எங்களுக்கும் அதையே வைப்பார். மலிவு, கெதியாக முடியும். ஆனால் எங்கள் சட்டியில் மிளகும் சின்னச்சீரகமும் வறுத்து இடித்துப் போடுவார்.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது, கூடப் படித்த பிள்ளை ஒன்று வீட்டுக்கு வந்தது. அதன் முன்னால் அம்மாவிடம் சொன்னேன்: "இது பாஸ்தீனா இல்லை. பழுதாக்காதீங்கோ." அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து எனக்கு மட்டும் தனியாக, மிளகு இல்லாமல், ஒரு சின்னச் சட்டியில் வைத்தார்.

அரபுப் பெயரும், நோர்மன் அரசனும், ஆலை அச்சும், அமெரிக்க வெண்ணெயும் கலந்த ஓர் உணவில் எங்கள் மிளகை மட்டும் "பழுது" என்று சொல்ல எனக்கு என்ன நியாயம் இருந்தது?

அன்று நான் செய்தது இதுதான். நான்கு பேருக்கு ஒன்றரை லீற்றர் குளிர்ந்த தண்ணீரில் எலும்போடு கோழி, ஒரு கரட், ஒரு வெங்காயம், ஒரு தண்டு செலரி. இரண்டு மணித்தியாலம் மெல்லிய நெருப்பு. மேலே வரும் நுரையை அள்ளி எறிய வேண்டும். பர்மிஜானோ சீஸின் தடித்த தோல் இருந்தால் அதையும் போடலாம். வடித்த சாற்றில் உப்புப் போட்டு, ஆளுக்கு ஒரு கைப்பிடி நட்சத்திரம். ஐந்து நிமிடத்தில் இறக்கலாம். அதிகம் வைத்தால் நட்சத்திரம் சாற்றைக் குடித்துக் களியாகிவிடும்.

கோப்பையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அம்மா ஒரு கரண்டி குடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"மிளகு எங்க பிள்ளை? காய்ச்சல்காரருக்கு மிளகு போடாமல் என்ன சூப்?"

திரும்ப அடுப்படிக்குப் போய் மிளகும் சின்னச்சீரகமும் வறுத்தேன். அந்த முறை எனக்கும் அதே சட்டியிலிருந்துதான் எடுத்துக்கொண்டேன்.

உங்கள் வீட்டிலும் காய்ச்சல் நாளுக்கு என்று ஒன்று இருக்கும். அது எங்கிருந்து வந்தது, யாரிடம் படித்தது, எதை மாற்றினார்கள் என்று அம்மாவிடமோ அம்மம்மாவிடமோ ஒரு தடவை கேளுங்கள். கேட்டு எழுதி வையுங்கள்.